பார்க் வரை ஒரு சீசன் டிக்கெட்

முதலில் பெயிண்ட் வந்தது நாற்காலிகளுக்குத்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகத்துக்குப் போனபோது, ஒரு சிவப்பு டப்பாவும் ஒரு வெள்ளை டப்பாவும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் மேஜைகளுக்கு அடியில் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு சாமானின் அடிப்பக்கத்திலும் எண் எழுதினார்கள். சிவப்பு எண் விழுந்தவை புதிதாக வரப்போகும் விமான நிலையக் கழகத்துக்கு. வெள்ளை எண் விழுந்தவை பழைய இலாகாவுக்கே. என் மேஜைக்கு வெள்ளை, நாற்காலிக்குச் சிவப்பு. எதை வைத்து இப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். மேலேயிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தங்களுக்குப் பெயிண்ட் மட்டும்தான் என்றார்கள்.

அன்று மாலைக்குள் எல்லோரும் குனிந்து பார்த்துவிட்டோம். சிவப்பு நாற்காலிக்காரன் கழகத்துக்குத் தள்ளப்படுவான், வெள்ளை நாற்காலிக்காரன் இலாகாவிலேயே இருப்பான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதை நம்புவதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலையில் சில நாற்காலிகள் இடம் மாறியிருந்தன.

விஷயம் இதுதான். அதுவரை நாட்டின் விமான நிலையங்கள், பெரியதும் சிறியதும், மத்திய அரசின் ஒரே இலாகாவின் கையில் இருந்தன. எங்கள் மீனம்பாக்கத்தைப் போன்ற பெரிய நிலையங்களை மட்டும் தனியே பிரித்து, புதிதாக அமைக்கும் ஒரு கழகத்திடம் ஒப்படைப்பது என்று டெல்லியில் முடிவாகியிருந்தது. ஆரம்ப மூலதனத்தை அரசு கொடுக்கும். அதற்குப் பிறகு விமானம் இறங்கும் கட்டணம், கடைகளின் வாடகை என்று தன் வருமானத்திலேயே கழகம் நடக்க வேண்டும். தெற்கே உள்ள சின்னச் சின்ன விமானத் தளங்கள் இலாகாவிடமே இருக்கும்.

எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே சரியாகப் படவில்லை. அந்தச் சின்னத் தளங்களின் கணக்கை அத்தனை வருடமாகப் பார்த்து வந்தவன் நான். நாளுக்கு ஒரு விமானம் வந்து போகும் இடங்கள் அவை. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. சில தளங்களில் சொல்லிக்கொள்ளும்படியான உள்ளூர் வருமானம் ஓடுபாதையின் இரு பக்கமும் வளரும் புல்தான். வருடத்துக்கு ஒரு முறை புல்லை ஏலம் விடுவார்கள். சுற்றுவட்டாரத்து மாட்டுக்காரர்கள் வந்து கேட்பார்கள். எந்தத் தளத்தில் புல் நன்றாக வளர்ந்தது என்று பார்த்தே அந்த ஆண்டு வருமானத்தை நான் ஊகித்துவிடுவேன். மீனம்பாக்கத்தின் வரவுதான் இந்தப் பற்றாக்குறையை மூடிவந்தது. அதைப் பிரித்து எடுத்துவிட்டால் இலாகா எதை வைத்து நடக்கும்? பட்ஜெட்டில் ஒதுக்குவார்கள் என்றார்கள். இன்று ஒதுக்குவார்கள், பத்து வருடம் கழித்து? மறுபக்கம், கழகத்துக்கு அரசு கொடுக்கும் மூலதனம் கரைந்துபோய், வரவேண்டிய கட்டணங்களும் வராமல் நின்றால் சம்பளம் எங்கிருந்து வரும்? எந்தப் பக்கம் பார்த்தாலும் யாரோ எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றியது.

பணியாளர்களுக்கு விருப்பம் தெரிவிக்கும் உரிமை கொடுத்தார்கள். கழகத்துக்குப் போனால் சம்பளம் கூடும். அதுவரை செய்த வேலைக்கு ஒரு தொகை மொத்தமாகக் கையில் வரும். ஆனால் பென்ஷன் கிடையாது. இலாகாவில் இருந்தால் பென்ஷன் உண்டு, எங்கே மாற்றுவார்கள் என்பது தெரியாது. ஒரு முறை எழுதிக் கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது. குறித்த தேதிக்குள் எழுதித் தராதவர்கள் இலாகாவில் தொடர்வதாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள்.

என் வீட்டில் இது பென்ஷனைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, என் மனைவியின் தொண்டையைப் பற்றியது. அவள் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் நிறைந்த வகுப்புகளில் வருடக்கணக்காகக் கத்திக் கத்தி அவளுக்குக் குரல் போய்க்கொண்டிருந்தது. சனி ஞாயிறுகளில் சைகையிலேயே பேசினாள். ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள். குரல்வளையில் தடிப்பு இருக்கிறது, இந்த வேலையை விட்டுவிட்டால் நல்லது, விடாவிட்டால் குரல் முழுதாகப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பென்ஷன் நிச்சயம் என்றால் அவள் வேலையை விடலாம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். கோடை விடுமுறையோடு விலகிக்கொள்வதாகத் தலைமை ஆசிரியையிடம் கடிதமும் கொடுத்துவிட்டாள். எனக்குப் பென்ஷன் இல்லை என்றால், வீட்டில் பென்ஷன் வரக்கூடிய ஒரே வேலை அவளுடையது. அதை விட முடியாது.

அவளுடைய அப்பா வேலை பார்த்த கம்பெனி ஒரே மாதத்தில் கதவை மூடியதை அவள் சிறுமியாகப் பார்த்தவள். கழகம் என்று நான் சொன்னாலும் அவள் காதில் கம்பெனி என்றே விழும்.

அப்படியானால் இலாகாவில் இருந்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சீனியாரிட்டி வந்து நின்றது. சின்னத் தளங்களின் கணக்கைப் பார்க்க இலாகா இரண்டு இடங்களை வைத்துக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தது. ஒன்று நகரத்தில், பார்க் ஸ்டேஷனுக்கு அருகே ஒரு பழைய கட்டடத்துக்குப் போகவிருந்த வட்டார அலுவலகத்தில். மற்றொன்று தெற்குக் கோடியில் ஒரு தளத்தில். தங்குகிறவர்களில் மூத்தவருக்கு நகரம், அடுத்தவருக்குத் தெற்கு. எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர், அடுத்தவன் நான், எனக்குக் கீழே ஒருவர். மூத்தவர் கழகத்துக்குப் போய் நான் இலாகாவில் தங்கினால், தாம்பரத்து வீட்டிலிருந்தபடியே பென்ஷனோடு வேலை. அவரும் தங்கி நானும் தங்கினால், நான் தெற்கே தனியாக ஒரு அறையில், அவள் இங்கே இரண்டு பெண்களோடு. இரண்டு குடும்பச் செலவுக்கு அவள் சம்பளம் இல்லாமல் முடியாது. ஆக, அவள் வேலையை விட முடியுமா என்பது அந்த மூத்தவர் என்ன எழுதப்போகிறார் என்பதில் இருந்தது.

அவர் குரோம்பேட்டைக்காரர். கத்தோலிக்கர். என்னைவிடச் சற்று மூத்தவர். மின்சார ரயிலில் பல வருடம் ஒன்றாகப் போய் வந்தோம். வண்டி தாம்பரத்தில் கிளம்புவதால் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். அவருக்காக ஒரு கைக்குட்டையைப் பக்கத்தில் போட்டு வைப்பேன். குரோம்பேட்டையில் ஏறி, கைக்குட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உட்காருவார். பல்லாவரத்தில் எங்களுக்குக் கீழே இருந்தவர் ஏறுவார். அவர் தோல் மண்டி வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. சிரித்த முகம். வேலையில் அவ்வளவு அக்கறை இல்லாதவர் என்பது என் அபிப்பிராயம். அவரை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

குரோம்பேட்டைக்காரர் அழுத்தமான மனிதர். மதியச் சாப்பாட்டு டப்பாவில் என்ன என்றுகூடச் சொல்ல மாட்டார், மூடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள், பல்லாவரத்துக்காரர் விடுப்பில் இருந்தபோது, மீனம்பாக்கத்தில் இறங்குவதற்காகக் கதவருகே வந்து நின்றதும் என் காதருகே குனிந்து சொன்னார்.

"சார், நான் கழகத்துக்கு எழுதப்போறேன். நீங்க டிபார்ட்மெண்ட்லயே இருங்க. பார்க் சீட் உங்களுக்குத்தான்."

நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. பன்னிரண்டு மாதமும் வாயைத் திறக்காதவர் எதற்காக இதை வலிய வந்து சொல்ல வேண்டும்? அன்று பகல் முழுவதும் யோசித்தேன். மாலையில் விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் மட்டும் இலாகாவில் தங்கி நான் போய்விட்டால், அடுத்து இருப்பது பல்லாவரத்துக்காரர். தெற்குத் தளத்தின் கணக்கை அவரை நம்பி யாரும் கொடுக்க மாட்டார்கள். அப்போது மூத்தவரையே தெற்கே அனுப்பிவிடும் அபாயம் உண்டு. அவர் நகரத்தில் நிம்மதியாக உட்கார வேண்டுமானால், அனுப்புவதற்கு நான் ஒருவன் இலாகாவில் இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் தான் போவதாகச் சொல்லி என்னைத் தங்க வைக்கப் பார்க்கிறார்.

அப்போது எல்லோரும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெளியேறினால் அவருக்குக் கீழே உள்ள வரிசை முழுவதும் ஒரு படி ஏறும். அதனால் ஒவ்வொருவரும் மற்றவரைப் போகச் சொல்லித் தூண்டினார்கள், தன் முடிவை மட்டும் சொல்லவில்லை. கேன்டீனில் கழகத்தின் சம்பள விகிதத்தைப் புகழ்ந்து தள்ளிய ஒருவர் இலாகாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு வந்தது. இன்னொருவர் பென்ஷனின் மகிமையைப் பிரசங்கம் செய்தார். அவர் மனைவி பக்கத்து வீட்டில், எங்கள் வீட்டுக்காரர் கழகத்தில் ஆபீசராகப் போகிறார் என்று சொல்லியிருந்தாளாம். தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்ட்காரருக்குக்கூட விஷயம் எட்டிவிட்டது.

"இன்னா சார், ஏரோட்ரோம கார்ப்பரேஷன்காரன் கைல குடுக்கறாங்களாமே? குப்ப அள்றதுக்கே ஆள் இல்லாம கீறான், அவன் போய் பிளேன வச்சுகினு இன்னா பண்ணுவான்?"

அது வேறு கார்ப்பரேஷன், இது விமான நிலையத்துக்கென்றே வரும் கழகம் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்து எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். சங்கத்துக்காரர் எழுந்து, கழகத்துக்கு நட்டம் வந்தால் எங்கள் கதி என்ன என்று கேட்டார். ஏன் நட்டம் வர வேண்டும் என்று அதிகாரி திருப்பிக் கேட்டார். சிலர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தருகிற இடத்தில் கை தட்ட எனக்கு வராது. குரோம்பேட்டைக்காரர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். கூட்டம் முடியும் முன்பே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், மாலையில் அவர் என்னோடு வருவதில்லை. எங்கள் ஸ்டேஷனில் தாம்பரம் போகும் வண்டிக்கு நாங்கள் ஒரு பக்கம் நிற்போம், நகரத்துக்குப் போகும் வண்டி எதிர்ப் பக்கம் வரும். ஒரு நாள் அவர் எதிர்ப் பக்கத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். மறுநாளும் நின்றிருந்தார். காலையில் கேட்டேன்.

"சாயந்திரம் ஆளையே பிடிக்க முடியலையே சார்."

"சிட்டில ஒரு சின்ன வேலை."

அவ்வளவுதான். "சரி சார்" என்றேன். அவர் பேச்சைப் பல்லாவரத்துத் தோல் நாற்றத்தின் பக்கம் திருப்பிவிட்டார். வட்டார அலுவலகத்தின் பெரிய அதிகாரி மாலை நேரங்களில் அந்தப் பழைய கட்டடத்துக்குப் போய் அறைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். யாருக்கு ஜன்னல் ஓரம், யாருக்கு மூலை என்பதெல்லாம் அங்கே முடிவாகும்.

பிறகு ஒரு காலை ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். தினமும் வருகிறவர்களைப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். அன்று எல்லோரையும் கேட்டார். நான் என் சீசனைக் காட்டினேன். குரோம்பேட்டைக்காரர் சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு சற்றுத் தயங்கினார். எடுத்துக் கொடுத்தார். பரிசோதகர் பார்த்துவிட்டு, "குரோம்பேட்டை டு பார்க், மூணு மாசம். சரி சார்" என்று சத்தமாகச் சொல்லித் திருப்பித் தந்தார்.

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்க்கவில்லை.

சின்ன வேலைக்கு யாராவது மூன்று மாத சீசன் எடுப்பார்களா? மீனம்பாக்கம் வரைக்கும் போதும் என்கிற மனிதர் பார்க் வரைக்கும் எதற்காக எடுக்க வேண்டும்? ஏற்கெனவே நகர அலுவலகத்தில் ஒரு காலை வைத்துவிட்டார் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, கரகரத்த குரலில் பேசினாள்.

"எதுக்கு சீசன்னு நேரா கேட்டா என்ன?"

"நேரா கேட்டா நேரா பதில் வருமா?"

"வரலேன்னா அப்புறம் சந்தேகப்படுங்க. கேக்காமலேயே எதுக்கு?"

அவள் சொன்னபடி கேட்டேன். ஆனால் என் வழியில் கேட்டேன். மறுநாள் ரயிலில், பேச்சோடு பேச்சாக, பார்க் பக்கத்தில் அந்தக் கட்டடம் எப்படி இருக்கிறது, மழைக்கு ஒழுகுமாமே என்றேன். அவர் முகம் மாறியது. அதை நான் கற்பனை செய்யவில்லை.

"எனக்கென்ன சார் தெரியும்? நான் அந்தப் பக்கம் போறதே இல்லையே" என்றார்.

பொய். என் கண்ணெதிரே, சட்டைப் பையில் பார்க் சீசனை வைத்துக்கொண்டு சொன்ன பொய். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? அன்று இரவு மனைவியும் நானும் பேசினோம். அவர் தங்குகிறார் என்றால் நான் தெற்கே போக வேண்டும், குடும்பம் இரண்டாக உடையும். கழகத்துக்குப் போனால் பென்ஷன் இல்லை, ஆனால் எல்லோரும் ஒரே வீட்டில். அவள் வேலையை விடுவது இரண்டு வழியிலும் நடக்காது. சேர்ந்தாவது இருக்கலாம் என்று நான் சொன்னேன். "உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும்" என்றாள். ராஜினாமாக் கடிதத்தைத் திரும்பக் கேட்கப் போகவில்லை. ஆர்டர் வரட்டும், அதற்குள் ஏதாவது மாறலாம் என்றாள். நான் கழகத்துக்கு எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்தேன்.

மே மாதத்தில் ஆர்டர்கள் வந்தன. அறிவிப்புப் பலகையைச் சுற்றிக் கூட்டம். கழகத்துக்குப் போகிறவர்களில் குரோம்பேட்டைக்காரர் பெயர் என் பெயருக்கு மேலேயே இருந்தது. தவறாகத் தட்டச்சு செய்துவிட்டார்களோ என்று மறுபடி பார்த்தேன். பார்க் அலுவலக இடத்துக்குப் பல்லாவரத்துக்காரர். தெற்குத் தளத்து வேலையை அங்கேயே இருந்த ஒருவரிடம் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். இங்கிருந்து யாரையும் அனுப்பவில்லை.

பல்லாவரத்துக்காரர் என்னைவிட அதிகமாகத் திகைத்துப் போயிருந்தார்.

"நான் ஃபார்மே வாங்கல சார். எங்க அத்தா, எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போடாதடான்னாரு. போடல. அவ்ளோதான்."

சும்மா இருந்ததால் கிடைத்ததா, அல்லது தோல் மண்டிக்கு டெல்லி வரை ஆள் உண்டா என்று அப்போதும் எனக்கு ஒரு யோசனை ஓடியது.

அதே வாரம் குரோம்பேட்டைக்காரர் கேன்டீனில் எங்கள் மேஜைக்கு வந்து நின்றார். உட்காரவில்லை. மனைவிக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை, ரத்தம் தேவைப்படுகிறது, உங்களில் யாராவது வர முடியுமா என்று கேட்டார். மாதக்கணக்காக அவள் பெரியாஸ்பத்திரியில் இருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே இருப்பது பெரியாஸ்பத்திரி. மெட்ராஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அந்த மூன்று மாதமும் அங்கே ஒரு ஆபீஸ் கட்டடம் மட்டும்தான் இருந்தது.

நானும் பல்லாவரத்துக்காரரும் போனோம். ரத்தம் எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தார்கள். பல்லாவரத்துக்காரர் முன்னால் கிளம்பிவிட்டார். வராந்தாவில் ஒரு பெஞ்சில் நானும் அவரும் இருந்தோம். கல்யாண வயதில் இரண்டு பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள், தாய்க்கு இதய நோய் என்று வெளியே தெரிந்தால் பெண்களுக்கும் இருக்கும் என்று வருகிறவர்கள் பயப்படுவார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை என்றார். இலாகாவை விட்டதும் கையில் வரும் மொத்தத் தொகைதான் வைத்தியத்துக்கு என்றார். வேறு வழியில்லாமல்தான் பென்ஷனை விட்டேன் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும் சார். நீங்க ஏன் வந்தீங்க?"

"எங்க?"

"கழகத்துக்கு. சீட்டு உங்களுக்குத்தான்னு சொன்னேனே. பென்ஷன் பென்ஷன்னு நீங்கதான சொல்லிட்டிருந்தீங்க."

சீசன் டிக்கெட்டை வைத்து முடிவு செய்தேன் என்று அந்த வராந்தாவில் எப்படிச் சொல்வது? சம்பளம் கூட வருகிறதே என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "சின்ன ஊர் கணக்கெல்லாம் உங்க கைல இருந்தது. டிபார்ட்மெண்ட இழுத்து மூடப்போறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"அப்படி எதுவும் இல்ல சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி சார்" என்றார்.

அந்தச் "சரி சார்" எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிட்டியில் சின்ன வேலை என்று அவர் சொன்னபோது நான் அவருக்குச் சொன்னது அதுதான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவைப் பார்த்தீர்களா என்று மனைவி கேட்டாள். உள்ளே விடவில்லை என்றேன். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுவாரம் அவளே ஒரு ஃபிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிழைத்துக்கொண்டார்கள், கணவர் தினமும் ஆறு மணி மணியடிக்கும்வரை கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம் என்று மட்டும் சொன்னாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். தூணுக்குப் பின்னால் நின்றது, மூன்று மாத சீசன், அந்தப் பக்கம் போவதே இல்லை என்ற பொய் எல்லாவற்றையும் இன்றும் வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். எதையும் நான் இட்டுக்கட்டவில்லை. அதே தடயங்களை இன்று என்முன் வைத்தாலும் வேறு முடிவுக்கு வருவேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

அதன் பிறகு அவள் தலைமை ஆசிரியையின் வீட்டுக்குப் போனாள், கடிதத்தைத் திரும்பக் கேட்க. நான் சேலையூர் சாலை முனையில் காத்திருந்தேன். அந்த அம்மாள் எளிதில் கொடுக்கவில்லை. அந்த இடத்துக்குத் தன் உறவில் ஒரு பெண்ணை வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். வேறு பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்து அங்கே கிடைக்காமல் திரும்பி வந்திருக்கிறாயா என்று கேட்டாராம். தொண்டை சரியாகிவிட்டதா என்றும் கேட்டாராம். சரியாகிவிட்டது என்று இவள் சொன்னாளாம். அந்தக் குரலில் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியில் கடிதத்தைக் கொடுத்தார். ஆனால் நீ எடுத்துவந்த எட்டாம் வகுப்பு இனிமேல் அந்த உறவுக்காரப் பெண்ணுக்கு, உனக்கு ஒன்றாம் வகுப்பு என்று சொல்லிவிட்டார். பள்ளியிலேயே அதிகப் பிள்ளைகள் உள்ள வகுப்பு அது. ஓயாமல் சத்தம் போட வேண்டிய வகுப்பு.

ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளில் நான் அவளோடு பள்ளி வாசல் வரை நடந்தேன். ஸ்டேஷனுக்குப் போகும் வழிதான், ஆனால் வழக்கமாக நாங்கள் தனித்தனியே கிளம்புவோம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்திருந்தாள். நான் வாங்கிக்கொள்ள வந்தபோது கொடுக்கவில்லை. முதல் நாள் என்பதால் வாசலில் சின்னப் பிள்ளைகளின் அழுகை. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஒன்றாம் வகுப்பு சாலையை ஒட்டிய கட்டடத்தில் இருந்தது. மதிலுக்கு மேலே ஜன்னல்கள் தெரிந்தன. நான் மதிலோரமாக நின்றேன். அழுகை அடங்கியதும் உள்ளே வருகைப் பதிவு ஆரம்பித்துவிட்டது. "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குழந்தை கத்தியது. சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு குழந்தை, "உள்ளேன் டீச்சர்." மறுபடி ஒன்றும் இல்லை. பதில்கள் ஒவ்வொன்றாக மதிலைத் தாண்டி வந்தன. பெயர் கூப்பிடும் குரல் மட்டும் சாலைக்கு வரவில்லை. நடுவில் ஒரு முறை வெகுநேரம் பதிலே இல்லை. கூப்பிட்டது அந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லையோ, அல்லது அந்தப் பிள்ளை வரவே இல்லையோ, வெளியில் நின்றிருந்த எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். ஸ்டேஷன் பக்கம் வண்டியின் ஹாரன் ஒலித்தது. கிளம்ப வேண்டியிருந்தது.